ஸ்குரூவுக்கு ‘ச்சு’

கடைப் பலகையில் ‘ரீல் ரிப்பேர்’ என்று எழுதிவைத்த நாளிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. தூண்டிலில் நூல் சுற்றுகிற ரீலைப் பழுது பார்க்கும் கடை அது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் வாசலில் நின்று, “நீங்களே ரீல் விடுவீங்களா, இல்ல நாங்க விட்டதை ரிப்பேர் பண்ணித் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒவ்வொருவரும் அந்த நகைச்சுவையைத் தாங்களே கண்டுபிடித்ததாக நினைப்பார்கள். அவனும் முதல் தடவை கேட்பவனைப் போலச் சிரித்து வைப்பான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவனுக்குப் பொய் சொல்ல வரவே வராது. பொய் என்ன, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல உண்மையைச் சொல்லவும் வராது.

வயது நாற்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. முப்பது வயதில் ‘பார்க்கலாம்’ என்றான். முப்பத்தைந்தில் ‘பார்க்கலாம்’ என்றான். நாற்பதில் அவனுடைய அக்கா, ‘நீ பார்த்துக் கிழித்தது போதும், இனி நான் பார்க்கிறேன்’ என்று அந்தப் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு போட்டோ வரும். இவன் பதில் சொல்ல மாட்டான். அக்கா திட்டுவாள். அடுத்த வாரம் அடுத்த போட்டோ வரும்.

வாய்க்கும் சேர்த்து அவனுக்குக் கையில் சாமர்த்தியம் வந்து சேர்ந்திருந்தது. ரீலின் உள்ளே இருக்கிற ஸ்குரூக்களில் சில எறும்புத் தலை அளவுதான் இருக்கும். விரலால் பிடித்தால் விரல்தான் தெரியும், ஸ்குரூ தெரியாது. கழற்றுவது யாராலும் முடியும். திரும்ப அதன் ஓட்டையில் நிற்க வைத்து, முதல் மரையைப் பிடிக்க வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் முன்பக்கமாகத் திருகினால் மரை கோணலாக ஏறிவிடும். ஏறினது ஏறினதுதான், அந்த ஓட்டை அதோடு சரி. அதனால் அவன் திருப்புளியின் நுனியில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து, ஸ்குரூவை அதில் ஒட்டி எடுத்து, ஓட்டையில் இறக்கி, முதலில் பின்பக்கமாகத் திருப்புவான். கழற்றுகிற பக்கமாக. முக்கால் சுற்று, ஒரு சுற்று. எங்கோ ஓர் இடத்தில் ‘டிக்’ என்று மரை விழும். அது காதுக்குக் கேட்பதைவிட விரலுக்கு நன்றாகக் கேட்கும். அதற்கப்புறம்தான் முன்பக்கம். அரைச் சுற்று வழுக்காமல் ஓடியதும் மூச்சை விட்டு, தனக்குத்தானே ஒரு வார்த்தை சொல்வான்.

“புடிச்சிருச்சு.”

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை சொல்வான். சொல்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

பக்கத்துக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை. துறைமுகத்துக்குப் பின்னால் கிடந்த பழைய கிடங்கு ஒன்றைப் பலகை அடித்துப் பலகை அடித்துப் பதினோரு கடைகளாக்கியிருந்தார்கள். அதில் கடைசி இரண்டு இவர்களுடையவை. நடுவில் இருந்த பலகைச் சுவரில், வேலை மேசையின் உயரத்தில், யாரோ எந்தக் காலத்திலோ வயர் விடுவதற்காக ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் அவள் கடை வைத்த முதல் வாரத்திலேயே, ஒரு சின்ன ஸ்குரூ கேட்டு வந்தவள், அந்த ஓட்டையைப் பார்த்தாள். “ஒவ்வொரு தடவையும் சுத்தி வரணுமா என்ன?” என்று கேட்டு, இவனுடைய ரம்பத்தையே வாங்கி, இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கை நுழைகிற அளவுக்குப் பெரிதாக அறுத்துவிட்டாள். அன்றிலிருந்து அது வழியாக ஸ்குரூ போகும், வரும். டீ போகும், டம்ளர் வரும். அவள் இவனை ‘ரீல் சார்’ என்பாள். இவன் அவளை ‘மேடம்’ என்பான்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகி மூன்று வருஷம் சேர்ந்து இருந்து, பிரிந்து பத்து வருஷம் ஆகிறது. யாராவது துருவித் துருவிக் கேட்டால், “மரை ஒத்து வரல, கழட்டிட்டோம்” என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பார்ப்பாள். அதற்கு மேல் அவளிடம் கேட்க யாருக்கும் தைரியம் வராது.

அவளும் பொடி ஸ்குரூக்காரிதான். கண்ணாடிக் காலை மாட்டுகிற ஸ்குரூ இவனுடையதைவிடப் பொடியானது. ஆனால் அவள் கிரீஸைத் தொட மாட்டாள். திருப்புளி நுனியை மெழுகில் ஒரு குத்துக் குத்தி, அதில் ஸ்குரூவை ஒட்டுவாள். இதில் இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகச் சண்டை. “மெழுகு மரைக்குள்ள போய் உக்காந்துக்கும் மேடம்.” “உங்க கிரீஸ் எல்லா இடத்துலயும் போய் உக்காந்துக்குது, டீ டம்ளர்ல கூட.” இந்தச் சண்டை இல்லாவிட்டால் இவனுக்குச் சாயங்காலம் சாயங்காலமாக இருக்காது. அவளைப் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். வெகு நாளாகவே தெரியும். அதை எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியாது. ஸ்குரூவுக்காவது பின்பக்கம் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், ஓட்டை வழியாக டம்ளரை நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள். ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற கண் ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் கடை போட இடம் தருகிறார்களாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மாறப் போகிறாளாம்.

“அப்படியா” என்றான் இவன்.

“நல்ல வெளிச்சம். பக்கத்துல இன்னொரு ரூமும் காலியாத்தான் கிடக்குது.”

“அப்படியா.”

அவள் டம்ளரை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மூன்று வாரமாக அதைப் பற்றி அவன் பேசிய மொத்தப் பேச்சும் அந்த இரண்டு ‘அப்படியா’தான். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் படகுக்காரர் வந்தார். துறைமுகத்தில் வாடகைப் படகு ஓட்டுகிறவர், குரலைக் குறைக்கத் தெரியாத நல்ல மனிதர். ஒரு பழைய ரீலை மேசையில் வைத்தார்.

“என் மக ரீலு. நாளைக்குக் காலையில அவளும் நானும் போறோம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கா. இது ஓடலைன்னா என் மானம் போயிடும். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்.”

ரீலைப் பிரித்துப் பார்த்தான். நூலை வழிநடத்துகிற வளைகம்பியின் அடியில் இருந்த சுருள் ஸ்பிரிங் உடைந்திருந்தது. அவனிடம் ஸ்பிரிங் இருந்தது. அதைப் போடுவது பிரச்சினை இல்லை. அதன் மேல் மூடுகிற நகத்தளவு மூடிதான் பிரச்சினை. ஸ்பிரிங் மூடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்திப் பிடித்தபடியே இரண்டு ஸ்குரூவையும் பிடிக்க வைக்க வேண்டும். ரீலைப் பிடிக்க ஒரு கை, திருப்புளிக்கு ஒரு கை, மூடியை அழுத்த ஒரு கை. கடவுள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

“மேடம், ஒரு விரல் வேணும்” என்றான் ஓட்டையைப் பார்த்து.

இது புதிதில்லை. மாதத்துக்கு நாலைந்து தடவை அவள் வந்து விரல் கொடுப்பாள். வெள்ளைக் கோட்டோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் மூடியை அழுத்தினாள். அவள் அழுத்தினால் அழுத்தியபடி இருக்கும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த விரல் வழுக்கியதில்லை. இரண்டு தலைகளும் மேசை விளக்குக்குக் கீழே குனிந்தன. இரண்டாவது ஸ்குரூவை அதன் ஓட்டையில் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு, முதல் ஸ்குரூவைத் தொட்டான். பின்பக்கமாகத் திருப்பத் தொடங்கினான்.

போன் அடித்தது.

“அக்கான்னு வருது. எடுக்கவா?” என்றாள் அவள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான். அவள் இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, போட்டோ பாத்தியா இல்லையா? அந்த டீச்சர் பொண்ணு. நேத்துக் காலையில அனுப்பினேன். கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருந்தா அவங்களுக்கு நான் என்னடா பதில் சொல்றது? நல்ல குடும்பம், நல்ல குணம், உன்னை மாதிரியே அதிகம் பேசாதாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லு போதும். புடிச்சிருக்கா?”

அந்த நொடியில்தான் விரலில் ‘டிக்’ விழுந்தது. முன்பக்கம் அரைச் சுற்று. வழுக்காமல் ஓடியது. காதில் ஒரு கேள்வி, கையில் ஒரு ஸ்குரூ. இரண்டுக்கும் நடுவில் நாக்கு மாட்டிக்கொண்டது.

“புடிச்சிருக்கு” என்றான்.

அந்தப் பக்கம் அக்காவின் குரல் தழுதழுத்தது. “நல்லா இருடா. அஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான்டா வாயைத் திறந்திருக்க. இப்பவே பேசிடறேன்.” போன் அணைந்தது.

என்ன நடந்தது என்று அவன் மண்டையில் ஏறுவதற்குள் பக்கத்தில் அவள், “வாழ்த்துக்கள் சார்” என்றாள். சொல்லிக்கொண்டே கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

மூடி ஒரு பக்கம் தூக்கியது. ஸ்பிரிங் அவன் சட்டையில் வந்து விழுந்தது. நிறுத்தி வைத்திருந்த இரண்டாவது ஸ்குரூ எங்கே போயிற்று என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

“ஐயோ, விரல் எடுத்துட்டேன்” என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு நிமிஷம் அவளும் குனிந்து தேடினாள். அதற்குள் அவள் கடையில் யாரோ மணியைத் தட்டினார்கள். “வந்துடறேன்” என்று போனவள் வரவில்லை. வழக்கமாகத் திறந்தே இருக்கிற ஓட்டையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து நின்று அடைத்துக்கொண்டது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் அக்காவைக் கூப்பிட்டான். லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டான். பிஸி. காதும் காதும் வைத்தாற்போல ஒரு காரியத்தைச் செய்ய அக்காவுக்குத் தெரியாது. இந்நேரம் சின்னம்மா, பெரியம்மா, மாமா வீடு, மாமா வீட்டுக்கு எதிர்வீடு என்று செய்தி போய்க்கொண்டிருக்கும். பதினோராவது தடவையும் பிஸிதான். நடுவில் அக்காவிடமிருந்து குரல் பதிவு ஒன்று மட்டும் வந்து, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கிற சத்தத்தில் ஒலித்தது: “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் போறோம். முடி வெட்டிக்கோ.”

அந்தப் பக்கம் அப்படி என்றால், இந்தப் பக்கம் ஸ்குரூ. பழைய மாடல் ரீல், அந்த அளவு ஸ்குரூ அவனிடமும் இல்லை, அவளிடமும் இருக்காது. காந்தத்தைத் தரையில் இழுத்துப் பார்த்தான். பித்தளை ஸ்குரூ காந்தத்துக்கு மசியாது என்று தெரிந்தும் இழுத்தான். அப்புறம் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, தானும் கன்னம் தரையில் படுகிற மாதிரி படுத்துக்கொண்டான். அப்படி வெளிச்சம் போட்டால் தூசிக்குக்கூட நிழல் விழும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். மூன்று வருஷத்துக்கு முன் தொலைந்த ஸ்குரூ கிடைத்தது. அவள் கடையிலிருந்து ஓட்டை வழியாக எப்போதோ உருண்டு வந்த மூக்குத்தாங்கி ஒன்று கிடைத்தது. இன்றைக்குத் தொலைந்தது மட்டும் கிடைக்கவில்லை.

அந்த மூக்குத்தாங்கியை விரலில் வைத்துப் பார்த்தபடி தரையிலேயே கிடந்தபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. உறைக்க மூன்று வாரம் ஆகியிருக்கிறது. ‘பக்கத்துல இன்னொரு ரூமும் காலியாத்தான் கிடக்குது.’ ஊரின் அந்தக் கோடியில் ஒரு ரூம் காலியாகக் கிடந்தால் இவனுக்கென்ன? அதை எதற்கு அவள் வேலை மெனக்கெட்டு இவனிடம் சொன்னாள்? இவன் என்ன சொன்னான்? அப்படியா என்றான். மடையன், மடையன் என்று அவனே தலையில் அடித்துக்கொண்டான். மேசைக்கு அடியில் படுத்திருந்ததால் மேசையும் சேர்ந்து அடித்தது.

இன்னொன்றும் உறைத்தது. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட வழுக்காத விரல் அது. இன்றைக்கு ஏன் எடுத்தாள்?

ஐந்தரைக்கே படகுக்காரர் வந்துவிட்டார். பொறுமை இல்லாமல் வந்தவர், தரையில் கிடக்கிற ரீல்காரனைப் பார்த்துப் பயந்துபோனார்.

“என்னாச்சு, மயக்கமா?”

“ஸ்குரூ.”

“கழண்டுடுச்சா?” என்று கேட்டுவிட்டு, தான் சொன்னது என்னவென்று புரிந்து அவரே வாய்விட்டுச் சிரித்தார். இவன் சிரிக்காததைப் பார்த்துக் குரலைக் குறைத்துக்கொண்டார், அவர் அளவுக்கு. “கிடைச்சிடும் தம்பி. ஆறரைக்கு வரட்டுமா?”

“வாங்க” என்றான். என்ன தைரியத்தில் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

ஆறு மணிக்கு ஓட்டையை அடைத்திருந்த பெட்டி நகர்ந்தது. ஆனால் கை வரவில்லை. அவளே சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். கையில் அவளுடைய திருப்புளி. அதன் நுனியில், மெழுகில், அந்தப் பித்தளை ஸ்குரூ நின்றுகொண்டிருந்தது.

“கோட்டுப் பாக்கெட்டுல விழுந்திருக்கு. லென்ஸ் துடைக்கிற துணிக்குள்ள. நல்ல வேளை, உதறிட்டுத் துடைச்சேன். இல்லேன்னா ஒருத்தர் புதுக் கண்ணாடியில கோடு விழுந்திருக்கும்.” எல்லாவற்றையும் மேசையைப் பார்த்தே சொன்னாள். “விரல் எடுத்தது என் தப்பு. வாங்க, மாட்டிடலாம்.”

அவன் எழுந்து தூசியைத் தட்டினான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், இருக்கிறதிலேயே மோசமான இடத்தில் தொடங்கினான்.

“அந்த ரூம் இன்னும் காலியா இருக்கா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “மூணு வாரம் கழிச்சுக் கேக்குறீங்க. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறவருக்கு அந்த ரூம் எதுக்கு?”

“நான் போட்டோவையே பாக்கல மேடம். நான் ஸ்குரூவைச் சொன்னேன்.”

“ரீல் விடாதீங்க.”

ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை வைத்து அவனைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவள்தான். இன்றைக்கு அதைக் கேலிக்காகவும் சொல்லவில்லை. அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

“உண்மையாத்தான். ஸ்குரூ புடிச்சா நான் அப்படித்தான் சொல்வேன்னு நீங்கதானே...”

“ஸ்குரூ புடிச்சா ‘புடிச்சிருச்சு’ன்னு சொல்வீங்க” என்றாள் அவள். “ஸ்குரூவுக்கு எப்பவும் ச்சு. ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றீங்க. ஆறு வருஷமா இந்த ஓட்டை வழியா நான் கேக்குறேன். ஒரு நாள்கூட மாத்திச் சொன்னதில்ல. காய்ச்சல்ல வந்து வேலை செஞ்சீங்களே, அன்னைக்குக்கூட ச்சுதான். இன்னைக்கு உங்க அக்கா கேட்டப்ப நீங்க சொன்னது க்கு.”

தான் சொன்னது எந்த எழுத்து என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்ன வார்த்தையை, நாளைக்கு நாற்பது தடவை, ஆறு வருஷம், ஒருத்தி உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். காய்ச்சல் வந்த நாள் முதற்கொண்டு தனியாக நினைவு வைத்திருக்கிறாள். இதுவரை யாரும் அவனை இவ்வளவு கவனித்ததில்லை.

“வாங்க. படகுக்காரர் வந்துருவாரு” என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மூடியை முழுக்கக் கழற்றி, ஸ்பிரிங்கை வைத்து, மறுபடி மூடியை வைத்தான். அவள் கட்டைவிரல் வந்து அழுத்தியது. முதல் ஸ்குரூவை எப்படியோ பிடிக்க வைத்துவிட்டான். இரண்டாவதைத் தன் திருப்புளிக்கு மாற்றி, கிரீஸ் பொட்டில் ஒட்டினான். ஓட்டைக்குக் கொண்டுபோனபோது கை நடுங்கியது. ஸ்குரூ சாய்ந்தது. மறுபடி ஒட்டினான். மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவையும் சாய்ந்ததும் அவன் கையை மேசையில் வைத்துவிட்டான். அந்தக் கை நடுங்கி அவனே பார்த்ததில்லை.

அவள் இடது கையால் தன் திருப்புளியை எடுத்து, மெழுகு நுனியால் அந்த ஸ்குரூவைத் தொட்டுத் தூக்கி, கைப்பிடியை அவன் பக்கம் நீட்டினாள். ஆறு வருஷச் சண்டை. அவன் வாங்கிக்கொண்டான். மெழுகில் ஸ்குரூ ஆடாமல் அசையாமல் நின்றது. ஓட்டையில் இறக்கினான்.

போன் அடித்தது.

“அக்கா” என்றாள் அவள். இந்தத் தடவை எடுக்கவா என்று கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“டேய், பதினோரு மிஸ்டு கால். அவ்வளவு அவசரமா உனக்கு? இரு இரு, எல்லாம் பேசியாச்சு. அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். உனக்கு நீல நிறச் சட்டை ஒண்ணு...”

“அக்கா, கொஞ்சம் நிறுத்து.”

நிறுத்து என்று தம்பி சொல்லிக் கேட்டதே இல்லையாதலால் அக்கா நிறுத்திவிட்டாள்.

“நான் மத்தியானம் சொன்னது ஸ்குரூவை.”

“எதை?”

“ஸ்குரூவை. கையில ஒரு ஸ்குரூ மாட்டிக்கிட்டிருந்தேன். அது புடிச்சுது. நீ கேட்டது காதுல விழுந்துச்சு, நான் சொன்னது ஸ்குரூவுக்கு. வாய் தவறி நீ கேட்ட மாதிரியே வந்திருச்சு. போட்டோவை நான் இன்னும் திறக்கவே இல்லக்கா. அவங்ககிட்ட நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

இவ்வளவு நீளமாக அவன் பேசி அக்கா கேட்டதில்லை.

“ஸ்குரூ புடிச்சிருச்சா. உனக்குத்தான்டா மரை கழண்டிருச்சு.” அக்கா கோபத்தில் ஆரம்பித்தாள், ஆனால் முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. “சந்தோஷத்துல நான் அழுதேன்டா, தெரியுமா உனக்கு? நான் போய்ச் சேர்ந்துட்டா உனக்குன்னு யாருடா இருக்கா? இந்த ஜென்மத்துல உனக்கு யாரையாவது புடிக்குமா, புடிக்காதா? அதையாவது சொல்லித் தொலை.”

அவன் கண்ணுக்கு நேரே அந்தக் கட்டைவிரல் இருந்தது. நகத்தின் ஓரத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. மூடியை அழுத்தி அழுத்தி நுனி வெளுத்திருந்தது. பின்பக்கமாகத்தான் முதலில் திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கு நாள் முழுக்கப் பின்பக்கமாகத்தான் திருப்பியிருக்கிறான். ஆறு வருஷமாகவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

“புடிச்சிருக்கு” என்றான்.

“மறுபடியும் ஸ்குரூவா?”

“இல்லக்கா. க்கு.”

“என்னடா க்கு? யாரு அது?”

“அவங்ககிட்ட நான் இன்னும் கேக்கல.”

“எப்பக் கேக்கப் போற? எனக்கு அறுபது ஆனப்புறமா? அவங்க காதுல விழற மாதிரி என்னைக்காவது வாயைத் திறந்திருக்கியா?”

“இப்பத்தான். பக்கத்துலதான் இருக்காங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அக்காவுக்குப் பேச வார்த்தை கிடைக்கவில்லை. மேசை விளக்கு மட்டும் மெல்ல ரீங்காரம் போட்டது. அவனுக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துவிடுவாள், இதோ எடுத்துவிடுவாள் என்று காத்திருந்தான்.

விரல் அசையவில்லை.

“அப்படியா” என்றாள் அவள்.

அவன் சொல்கிற அதே மாதிரி, அதே இழுப்போடு. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரத்துக்கு முன் ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. நிமிர்ந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அடங்கவில்லை, நிறைந்திருந்தது.

“திருப்புங்க ரீல் சார். விரல் வலிக்குது.”

அவன் திருப்பினான். பின்பக்கமாக, முக்கால் சுற்று. டிக். கை நடுக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. முன்பக்கம் அரைச் சுற்று, ஒரு சுற்று. வழுக்காமல் ஓடியது. மூச்சை விட்டான்.

“புடிச்சிருச்சு” என்றான், பழக்க தோஷத்தில்.

“புடிச்சிருக்கு” என்றாள் அவள்.

வாசலில் படகுக்காரரின் குரல் கேட்டது. ஸ்குரூ அடிவரை இறங்கிவிட்டது. ஸ்பிரிங் இனி எங்கேயும் போகாது. கட்டைவிரல் மட்டும் இன்னும் மூடியின் மேலேயே இருந்தது.